கொழுப்பகற்றற் சத்திரசிகிச்சையில் அதிரினலின்: அளவும் அபாயமும்

மனித உடலிலே இரு சிறுநீரகங்களின் மேலும் முடி கவித்தாற்போல அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் இரண்டு உள. அவற்றின் நடுப்பகுதியிற் சுரக்கும் அதிரினலின் என்னும் பொருளை உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் அறிவர். அஞ்சியவன் ஓடுதற்கும், சினந்தவன் எதிர்த்து நிற்றற்கும் உடலை ஆயத்தஞ் செய்வது அதுவே எனப் பாடநூல்கள் கூறும். அப்பொருள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் அடைக்கப்பட்டுச் சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகும்போது அதன் தொழில் பலவாக விரிகின்றது. நின்றுபோன இதயத்தைத் திரும்ப இயக்குவதும் அது. ஒவ்வாமையினால் மூச்சுத் திணறுவோனை மீட்பதும் அது. வெட்டுமிடத்திற் குருதி பெருகாது தடுப்பதும் அது. இம்மூன்றாவது தொழிலைப் பற்றியே, அதிலும் தோலின் கீழுள்ள கொழுப்பை உறிஞ்சி அகற்றும் சிகிச்சையில் அது பயன்படும் வகை பற்றியே, இக்கட்டுரை பேசும்.

ஆராயப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு புதிர். கடும் ஒவ்வாமை அதிர்ச்சியுற்ற வளர்ந்தோர் ஒருவர்க்குத் தசையிற் செலுத்தப்படும் அதிரினலினின் அளவு 0.5 மில்லிகிராம். இதயம் நின்றுபோனார்க்கு நாளத்தினூடு ஒருமுறை செலுத்துவது 1 மில்லிகிராம். கொழுப்பகற்றற் சிகிச்சையிலோ, உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 0.07 மில்லிகிராம் என்பதே பெரும்பாலும் எடுத்தாளப்படும் மேலெல்லை. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர்க்கு இது 4.2 மில்லிகிராம் ஆகும். ஒவ்வாமையால் உயிருக்குப் போராடுவோர்க்குத் தருவதினும் எட்டு மடங்குக்கு மேற்பட்ட மருந்தை, நோயொன்றும் இலராய்த் தாமே நடந்து வந்த ஒருவர்க்குக் கொடுப்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அம்மருந்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

இங்கிலாந்திலே ஹரோகேற் என்னும் ஊரில் வைத்தியத் தொழில் புரிந்தவர் ஜோர்ஜ் ஒலிவர். கருவிகள் செய்வதில் விருப்பு மிக்க அவர், குருதிக் கலன்களின் பருமனை அளப்பதற்குத் தாமே ஒரு கருவி அமைத்தார். சுரப்பிகளின் சாற்றைத் தம் மகனுக்குக் கொடுத்து, அச்சிறுவனின் கைநாடி சுருங்குவதைக் கண்டாரென்றும், அதனைச் சொல்ல இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ஓடிப் பேராசிரியர் எட்வேட் ஷேபரைக் கண்டாரென்றும், நாயொன்றின் குருதியமுக்கத்தை அளந்துகொண்டிருந்த பேராசிரியர் அவரை நம்பாது, அவர் மனம் நோகாமற் பொருட்டு அச்சாற்றை நாயினுட் செலுத்தினாரென்றும், இரசம் குழாயிலே விறுவிறென ஏறக்கண்டு திகைத்து நின்றாரென்றும் பின்னாளில் ஒரு கதை வழங்கலாயிற்று. கதையின் முற்பகுதியை ஐயுறுவோர் உளர். வாயால் உட்கொண்ட அதிரினலின் உடலிற் பயன் விளைவிப்பது அரிதாதலின் அவ்வையம் நியாயமானதே. ஆனால் இரசம் ஏறியது பொய்யன்று. 1894 இலும் 1895 இலும் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி அதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது.

அச்சாற்றினின்று செயற்படும் பொருளைப் பிரித்தெடுக்கும் முயற்சி பல நாடுகளிலும் எழுந்தது. அமெரிக்காவில் பால்ற்றிமோர் நகரத்து ஜோன் ஏபெல் 1897 ஆம் ஆண்டளவில் ஒரு சேர்வையைப் பெற்று அதற்கு எபிநெப்றின் எனப் பெயரிட்டார். அது தூய பொருளன்று. யப்பானிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய ஜோக்கிச்சி தக்கமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உவெனக்காவும் 1900 ஆம் ஆண்டிற் பளிங்குருவில் அதனைப் பெற்றனர். பார்க்-டேவிஸ் என்னும் மருந்துக் கம்பனி அதனை அட்ரினலின் என்ற வணிகப் பெயருடன் விற்றது. வணிகப் பெயர் ஒருவர்க்கு உடைமையாகிவிட்டமையின், அமெரிக்க வைத்தியர் பொதுப் பெயராக எபிநெப்றின் என்பதையே கொண்டனர். பிரித்தானியரும், அவர்தம் மருத்துவ மரபைப் பின்பற்றிய நம்மவரும் அதிரினலின் என்றே வழங்கி வருகின்றோம். ஒரே பொருளுக்கு இரு பெயர் இருப்பது இலக்கியத்திற்கு அணியாகலாம். மருந்துக்கு அது நன்றன்று. 1904 இல் ஜேர்மனியிற் பிரீட்றிக் ஸ்ரோல்ஸ் இதனை ஆய்கூடத்திலே தொகுத்தார். அதன் பின் ஆட்டினதும் மாட்டினதும் சுரப்பிகளை நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1903 இல், லைப்சிக் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹைன்றிக் பிறவுண் ஒரு நுண்ணிய உண்மையைக் கண்டார். அக்காலத்தில் ஓரிடத்தை மரத்துப்போகச் செய்யக் கொக்கெயின் ஊசியே வழங்கியது. கையிலோ விரலிலோ சத்திரசிகிச்சை செய்யும்போது மேற்புறத்தை இறுகக் கட்டினால் மரப்பு நெடுநேரம் நிற்கும். கட்டை அவிழ்த்தால் மருந்து குருதியுடன் கலந்து அகன்றுவிடும். வயிற்றையோ முகத்தையோ அங்ஙனம் கட்டுதல் இயலாது. பிறவுண் கொக்கெயினுடன் அதிரினலினிற் சில துளி சேர்த்தார். அது அவ்விடத்துக் குருதிக் கலன்களைச் சுருக்கிற்று. கயிறின்றியே கட்டுப் போட்டாற் போன்ற பயன் விளைந்தது. மருந்தினால் இட்ட கட்டு எனவே அவரும் அதனைக் கருதினார். பின்னர்க் கொக்கெயினுக்குப் பதிலாகத் தீங்கு குறைந்த மருந்துகள் வந்தன. 1943 இல் சுவீடனில் நில்ஸ் லொவ்கிறென், பெங்ற் லுண்ட்குவிஸ்ற் என்னும் இருவர் தொகுத்த லிடோக்கெயின் அவற்றுட் சிறந்தது. பல் பிடுங்கச் சென்ற எவரும் அதன் கைப்பையும் உதடு தடித்தாற் போன்ற உணர்ச்சியையும் அறிந்திருப்பர்.

அதிரினலின் ஓரிடத்திற் கலன்களைச் சுருக்குவதும், பிறிதோரிடத்தில் விரிப்பதும், இதயத்தை விரைவுபடுத்துவதும் ஏன் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1948 இல் அமெரிக்கரான றேமண்ட் அல்குவிஸ்ற் அதற்கு விடை பகர்ந்தார். கலங்களின் மேற்பரப்பில் இம்மருந்தைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் இருவகைப்படும். அவற்றை அல்பா எனவும் பீற்றா எனவும் அவர் பெயரிட்டார். தோலிலும் தோலின் கீழும் அல்பா மிகுதி. அதனால் அங்குள்ள கலன்கள் சுருங்கும். இதயத்தில் உள்ளது பீற்றா. அதனால் துடிப்பு விரையும். தசைக்குச் செல்லுங் கலன்களில் பீற்றாவின் இன்னொரு வகை உண்டு, அவை விரியும். இப்பாகுபாட்டை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனிக் கொழுப்பகற்றற் சிகிச்சையைக் காண்போம். இதன் முன்கதை துயரமானது. 1920 களிற் பாரிசு நகரில் நடனமாது ஒருத்தியின் கெண்டைக்காலை மெலியச் செய்யுமாறு சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் உள்ளிருந்த கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். குருதிக் கலன்கள் சிதைந்து கால் அழுகிற்று. அதனை வெட்டி நீக்க நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் எவரும் இதனைக் கருதத் துணிந்திலர். 1970 களில் உரோமாபுரியில் ஜியோர்ஜியோ பிஷர் என்பவரும் அவர் தந்தையாரும் உறிஞ்சுங் கருவியொன்றை ஆக்கினர். 1977 ஆம் ஆண்டளவில் பிரான்சிய நிபுணர் இவ் ஜெரார் இல்லூஸ், கூரற்ற முனையுடைய குழாயைத் தோலில் இட்ட சிறு துவாரத்தின் வழியே செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறையைச் செம்மையாக்கினார். கூர்முனை கலன்களையும் நரம்புகளையும் அறுக்கும். மழுங்கிய முனை அவற்றைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டு செல்லும் என்பது அவர் கண்ட உண்மை.

எனினும் குருதியிழப்பு நீங்கிற்றில்லை. திரவம் எதனையும் முன்னர்ச் செலுத்தாது செய்த உலர்முறையில், உறிஞ்சி எடுத்ததன் கனவளவில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை குருதியாகவே இருந்தது. இரண்டு லீற்றர் எடுத்தால் அதில் அரை லீற்றரோ அதற்கு மேலோ குருதி. ஆகவே சிறிதளவு கொழுப்பே எடுக்க முடிந்தது. நோயாளியின் குருதியை முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைத்துத் திரும்ப ஏற்றும் வழக்கமும் இருந்தது. நலமுள்ள ஒருவரின் உடல் வடிவைத் திருத்துதற்பொருட்டு அவர்க்குக் குருதி ஏற்றுதல் தகுமா என எவரும் வினவுவர்.

கலிபோர்னியாவிலே தோல்வைத்திய நிபுணராகிய ஜெவ்றி கிளைன் 1985 இல் ஒரு புதுவழி கண்டு 1987 இல் அதனை வெளியிட்டார். வழி மிக எளிது. ஒரு லீற்றர் உப்புநீரில் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை லிடோக்கெயினும், ஏறத்தாழ 1 மில்லிகிராம் அதிரினலினும், எரிவைத் தணிக்கச் சிறிது சோடியம் இருகாபனேற்றும் கலந்து, அக்கரைசலைக் கொழுப்புப் படையினுள் அது வீங்கி விறைக்கும்வரை செலுத்துதல், சிறிது பொறுத்தல், பின்னர் உறிஞ்சுதல். குருதியிழப்பு, எடுத்ததன் கனவளவில் நூற்றுக்கு ஒன்று என்னுமளவுக்குக் குறைந்தது. நோயாளியை முற்றாக மயக்க வேண்டிய தேவையும் பலர்க்கு நீங்கியது. சத்திரசிகிச்சையில் இத்துணைப் பெரிய மாற்றத்தை ஒரு போத்தல் உப்புநீர் கொணர்ந்தமை வியத்தற்குரியது.

இங்கே பொறுத்தல் என்றதை ஒரு சொல்லாகக் கடந்து செல்லலாகாது. அதிரினலின் செலுத்திய ஏழு முதல் பத்து நிமிடத்திற் கலன்கள் முற்றச் சுருங்கிவிடும் எனவே நெடுங்காலம் நூல்கள் கூறின. 2013 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தோலிற் குருதி மிகக் குறைவுறுதற்கு ஏறக்குறைய 25 நிமிடம் செல்லும் எனக் காட்டியது. கடிகாரத்தைப் பார்த்து விரையும் கூடத்தில், மருந்து தன் தொழிலை முடிக்குமுன் குழாய் உள்ளே செல்வதும், குருதி கண்டு மேலும் மருந்து செலுத்துவதும் நிகழக்கூடியன.

இப்பொழுது தொடக்கத்துப் புதிருக்கு வருவோம். கணித வகுப்பிலே, தொட்டியொன்றில் ஒரு குழாய் நீரை நிரப்ப இன்னொரு குழாய் வெளியேற்றும் கணக்குகளை மாணவர் செய்வர். நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பது மொத்தம் எவ்வளவு நீர் வந்தது என்பதில் இல்லை. என்ன வேகத்தில் வந்தது, என்ன வேகத்திற் போனது என்பதிலேயே உள்ளது. குருதியுட் புகுந்த அதிரினலினை உடலின் நொதியங்கள் மிக விரைவாக அழிக்கின்றன. அதன் பாதி அழிதற்கு இரண்டு மூன்று நிமிடமே போதும். எனவே வெளியேற்றுங் குழாய் பெரிது. நாளத்தில் நேரே ஏற்றிய ஒரு மில்லிகிராம் தொட்டியிற் குடத்தோடு கவிழ்த்த நீர் போன்றது. மட்டம் ஒருகணத்திற் பொங்கி எழும். கொழுப்பினுள் இட்ட நான்கு மில்லிகிராமோ சொட்டுச் சொட்டாகவே குருதியை அடையும். கொழுப்பிற் குருதியோட்டம் இயல்பாகவே மந்தம். கரைசலோ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னுமளவு ஐதானது. உட்செலுத்திய நீரின் அமுக்கம் சிறு கலன்களை நெரிக்கும். எல்லாவற்றினும் மேலாக, அதிரினலின் தான் வெளியேறும் வாயிலைத் தானே சுருக்கிக்கொள்கின்றது. செலுத்திய கரைசலில் ஒரு பகுதி கொழுப்புடன் மீண்டும் உறிஞ்சப்பட்டு வெளியேறுவதும் உண்டு. ஆதலின் குருதியில் அதிரினலின் வழக்கத்தினும் சில மடங்கு உயர்ந்து, இதயம் சற்று விரைவாகத் துடிப்பதோடு நலமுள்ளோர் பலர்க்கு அது அமைந்துவிடும்.

இவ்விடையில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. மேற்கூறிய காரணங்கள் யாவும் ஒருங்கு நின்றாலன்றி எட்டு மடங்கு அளவு பொருந்தாது. கரைசல் செறிந்ததாயினும், ஊசிமுனை நாளமொன்றினுட் புகினும், கொழுப்பை விட்டுக் குருதி மிக்க தசையினுட் செலுத்தினும் அதே அளவு கொல்லும் அளவாகும்.

அவற்றுள் முதலாவதே என்போன்ற ஆசிரியர்க்கு மிக நெருக்கமானது. ஏனெனில் அது விகிதக் கணக்கு. அதிரினலின் குப்பிகளின் மேல் நெடுங்காலமாக 1:1000 என்றும் 1:10,000 என்றும் பொறிக்கப்பட்டு வந்தது. 1:1000 என்றால் 1000 மில்லிலீற்றரில் ஒரு கிராம். அஃதாவது ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம். 1:10,000 என்றால் ஒரு மில்லிலீற்றரில் 0.1 மில்லிகிராம். எட்டாம் வகுப்பில், எது செறிந்தது எனக் கேட்டால் பெரிய எண்ணையே சுட்டிக் கைதூக்குவோர் சிலரேனும் இருப்பர். பகுதி பெருக்கப் பின்னம் சிறுக்கும் என்பதை மாணவர் பின்னர்க் கற்றுக்கொள்வர். ஆனால் நள்ளிரவில், நோயாளி நீலம் பாரித்துக் கிடக்கையில், கற்றறிந்த வைத்தியர்க்கும் தாதியர்க்கும் இவ்வெண்கள் தடுமாற்றம் தந்துள்ளன என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. ஒரு மில்லிலீற்றர் கொள்ளும் 1:1000 குப்பியிலும், பத்து மில்லிலீற்றர் கொள்ளும் 1:10,000 குப்பியிலும் உள்ள மருந்து ஒரே அளவினதாகிய 1 மில்லிகிராம்தான். மில்லிகிராமில் எண்ணுவோர்க்கு இது தெளிவு. மில்லிலீற்றரில் எண்ணுவோர் பத்து மடங்கு பிழைப்பர். அமெரிக்காவில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் தனி அதிரினலின் குப்பிகளில் விகிதம் எழுதுதல் நிறுத்தப்பட்டு, ஒரு மில்லிலீற்றரில் இத்தனை மில்லிகிராம் என எழுதும் முறை கட்டாயமாயிற்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம் அவ்வாறு முடிந்தது. என் எண்ணம், இன்னும் முன்னரே முடிந்திருக்கலாம் என்பதே. ஆயினும் லிடோக்கெயினுடன் கலந்து வரும் குப்பிகளில் 1:100,000 என்னும் விகித வழக்கு அங்கும் நீடிக்கின்றது.

கொழுப்பகற்றற் கரைசலில் இத்தடுமாற்றத்திற்கு வேறோர் இடமும் உண்டு. அக்கரைசல் ஆலையிலிருந்து ஆயத்தமாக வருவதன்று, கூடத்திலேயே கலக்கப்படுவது. ஒரு லீற்றர் உப்புநீரில் 1:1000 குப்பி ஒன்றைக் கலந்தால் பத்து இலட்சத்தில் ஒன்றாகும். இருவர் கலக்க முற்பட்டு, ஒருவர் இட்டதை மற்றவர் அறியாது மீண்டும் இட்டால் இருமடங்காகும். கலந்த பையும் கலவாத பையும் பார்வைக்கு ஒன்றே; இரண்டும் தெளிந்த நீர். 1995 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், காதுச் சத்திரசிகிச்சைக்கென வந்த ஒரு சிறுவனுக்கு இத்தகைய தெளிந்த நீரே எமனாயிற்று. வெளிப்பூச்சுக்கென வைத்த 1:1000 அதிரினலின் ஒரு கிண்ணத்திலிருந்து ஊசிக்குழாயுட் சென்றது; செலுத்தியிருக்க வேண்டியது 1:100,000 அதிரினலின் கலந்த லிடோக்கெயின். செறிவில் நூறு மடங்கு வேறுபாடு. சிறுவன் இறந்தான். கூடத்தினுள்ளே எக்கிண்ணத்திலும், எவ்வூசிக்குழாயிலும், எப்பையிலும் உள்ளிருப்பது யாது, எவ்வளவு என எழுதி ஒட்டாது வைத்தலாகாது என்னும் விதி இன்று எங்கும் வற்புறுத்தப்படுவதற்கு இத்தகைய மரணங்களே காரணம். கலப்பவர் ஒருவர், உரக்கப் படித்துச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என இருத்தல் நேரத்தை வீணாக்குவதன்று.

கலந்த கரைசலை நெடுநேரம் வைத்தலும் ஆகாது. அதிரினலின் அமிலக் கரைசலில் நிலைக்கும். காரத்தில் ஒட்சியேற்றமடைந்து இளஞ்சிவப்பாகிப் பின் கபிலமாகி வலுவிழக்கும். எரிவைத் தணிக்கச் சேர்க்கும் இருகாபனேற்று அவ்வழிவை விரைவுபடுத்தும். வலுவிழந்த கரைசலாற் கலன்கள் சுருங்கா, குருதி பெருகும்.

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது நம்மவர் பழமொழி. இங்கு அது பாதி உண்மையே கூறுகின்றது. அளவுக்குக் குறைந்தாலும் நஞ்சு என்பதே மறுபாதி. ஏனெனில் குறைந்தால் நஞ்சாவது அதிரினலின் அன்று, உடன்சென்ற லிடோக்கெயின். அதனை ஆக்கியோர் தரும் குறிப்பின்படி, அதிரினலினுடன் சேர்த்துத் தரும்போது லிடோக்கெயினின் மேலெல்லை கிலோகிராமுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோகிராம் நிறையினர்க்கு 420 மில்லிகிராம். கிளைன் 1990 இல், ஐதான கரைசலாகக் கொழுப்பினுட் செலுத்தினால் 35 மில்லிகிராம் வரை பொருந்தும் எனக் குருதியை அளந்து காட்டினார். பிற்காலத்தோர் 55 வரை சென்றனர். 35 எனக் கொண்டால் 2100 மில்லிகிராம். லீற்றருக்கு 500 மில்லிகிராம் கொண்ட கரைசலில் இது 4.2 லீற்றர், லீற்றருக்கு 1 மில்லிகிராம் அதிரினலின் எனின் அக்கரைசலில் உள்ள அதிரினலினும் 4.2 மில்லிகிராம். முன்னர்க் கண்ட எல்லையும் அதுவே. ஒரே பையிற் செல்லும் இரு மருந்துகளும் ஏறக்குறைய ஒருங்கே தத்தம் எல்லையை அடைகின்றன. ஆகவே மரப்புப் போதவில்லையென இன்னுமொரு லீற்றர் செலுத்துவோர் ஒன்றையன்று, இரண்டு எல்லைகளையும் கடக்கின்றனர்.

ஐந்து மடங்கு லிடோக்கெயினை உடல் தாங்குவது பெரிதும் அதிரினலின் காட்டும் தடையினாலேயே. லிடோக்கெயின் குருதியில் உச்சத்தை அடைவது சிகிச்சை முடிந்தபின், ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலையிற் சிகிச்சை பெற்றவர்க்கு உச்சம் இரவில் வரும். அவ்வேளை அவர் தம் வீட்டிற் படுக்கையிலிருப்பார். வாயைச் சூழ்ந்த மரப்பு, நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்று என்பன முதற் குறிகள். பின்னர் வலிப்பும் இதயத் தளர்வும் வரக்கூடும். ஈரலில் லிடோக்கெயினை அழிக்கும் நொதியங்களைச் சில மருந்துகள் தடுக்கும். சாதாரண தொற்றுக்கு வழங்கும் எரித்திரோமைசின் அவற்றுள் ஒன்று. அன்றிரவு அருகில் ஒருவர் விழித்திருத்தல் வேண்டும் என வைத்தியர் கூறினால் அது உபசாரச் சொல்லன்று.

அதிரினலினை எவர்க்கு ஆகாதெனக் கொள்வது? இதயத்தின் முடியுரு நாடிகள் குறுகியோர், துடிப்பு ஒழுங்கற்றோர், அடங்காத குருதியமுக்கமுடையோர், தைரொயிட்டுச் சுரப்பு மிகுந்தோர் ஆகியோர் முதல் வரிசையில் நிற்பர். அதிரினற் சுரப்பியிலேயே கட்டி தோன்றி அதிரினலினைக் கொட்டிக்கொண்டிருக்கும் அரிய நோயினர்க்கு இதனைத் தருதல் எரியும் நெருப்பில் நெய் சொரிவதாகும். புறொப்பிரனலோல் உண்போர் நிலை தனித்துக் கவனிக்கத்தக்கது. அம்மருந்து பீற்றா வாங்கிகளை அடைத்துவிடும். அல்பா திறந்தே இருக்கும். விரிய வேண்டிய கலன்கள் விரியா, சுருங்குவன சுருங்கும். குருதியமுக்கம் பொங்கியெழ, இதயமோ அதற்கஞ்சி மந்தமாகும். கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அம்மருந்து உண்போர் பலர், தமக்கு இதய நோயில்லையென எண்ணி அதனைச் சொல்லாது விடுவர். தாம் உண்ணும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டு செல்லுதல் இதனாலேயே வேண்டப்படுகின்றது.

முழு மயக்கத்தில் வைத்துச் செய்யும்போது இன்னொன்றையும் நோக்க வேண்டும். குளோரோபோம் வழங்கிய காலத்தில், இலேசாக மயங்கிய நலமுள்ள இளைஞரும் திடீரென இறப்பதுண்டு. 1911 இல் இங்கிலாந்தில் குட்மன் லெவி என்பவர், குளோரோபோமினால் மயங்கிய பூனைக்குச் சிறிது அதிரினலின் ஏற்றியவுடன் இதயவறைகள் ஒழுங்கிழந்து நடுங்கி நிற்பதைக் காட்டினார். 1956 இல் வழக்குக்கு வந்த ஹலோதேனிலும் இக்குணம் இருந்தது. இன்று பெரிதும் வழங்கும் ஆவிமருந்துகளில் அது மிகக் குறைவு. மயக்க மருந்து நிபுணரிடம் அதிரினலினின் மொத்த அளவைச் சொல்லாது செலுத்தத் தொடங்குதல் எம்மருந்தாயினும் தவறே.

இவ்வளவும் படித்தோர், கொழுப்பகற்றலில் இறப்போர் அதிரினலினாலேயே இறக்கின்றனர் எனக் கருதிவிடலாகாது. அமெரிக்கப் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் வினவித் தொகுத்து 2000 ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பில், 1994 முதல் 1998 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் சிகிச்சைகளில் 95 மரணங்கள் காணப்பட்டன. ஏறக்குறைய ஐயாயிரத்துக்கு ஒன்று. காலில் உறைந்த குருதி நுரையீரலை அடைத்தமையே அவற்றுள் முதற் காரணம். நியூயோர்க் நகரில் 1993 முதல் 1998 வரை ஆராயப்பட்ட ஐந்து மரணங்களுள் ஒன்று அவ்வடைப்பினால்; ஒன்று திரவம் மிகுந்தமையால்; ஏனைய மூன்றிலும் சிகிச்சை நடக்கையிலேயே குருதியமுக்கமும் துடிப்பும் திடீரெனச் சரிந்தன; காரணம் திட்டமாகத் தெரியவில்லை. மறுபுறத்தில், தோல்வைத்தியர் முழு மயக்கமின்றிக் கிளைன் முறையாற் செய்த 15,336 பேரில் ஒருவரும் இறக்கவில்லை என 1995 இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்புக் கூறுவோர் உளர். அது முறையன்று; முன்னையதில் ஒரே வேளையிற் பல சிகிச்சைகளும், பெருங் கனவளவுகளும், முழு மயக்கமும் கலந்துள்ளன. ஆயினும் நலமுள்ளோர்க்கு விரும்பிச் செய்யும் சிகிச்சையில் ஐயாயிரத்துக்கு ஒன்று பெரிய எண்ணே. உடற்பருமன் நோய்க்கு இது மருந்தன்று என்பதையும், ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்தல் பெருங்கனவளவு எனக் கொள்ளப்பட்டு அத்தகையோர் வைத்தியசாலையில் இரவு தங்கவைக்கப்பட வேண்டும் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம்.

லிடோக்கெயின் நஞ்சாகி இதயம் தளர்ந்தார்க்கு இன்று வழங்கும் மாற்றுமருந்து வியப்புக்குரியது. 1998 இல் கை வைன்பேர்க் என்பவர் எலிகளில், உணவாக நாளத்தினூடு ஏற்றும் கொழுப்புக் குழம்பு மரப்பு மருந்தொன்றின் நஞ்சைத் தாங்கும் வலிமை தருவதைக் கண்டார். 2006 இல் மனிதர் ஒருவர் அதனாற் பிழைத்த செய்தி வெளியாயிற்று. சோயா எண்ணெயிலிருந்து ஆக்கிய அவ்வெண்மையான 20 வீதக் குழம்பு, மருந்தைத் தன்பால் ஈர்த்து இதயத்தினின்று அகற்றுகின்றது. கொழுப்பை எடுக்கச் சென்றார்க்குக் கொழுப்பே உயிர்தரும் நிலை அது. அவ்வேளையிலும் அதிரினலின் வேண்டப்படலாம். ஆனால் நின்ற இதயத்துக்கு வழக்கமாகத் தரும் 1 மில்லிகிராம் ஆகாது. கிலோகிராமுக்கு ஒரு மைக்கிரோகிராமுக்கு மேற்படாது கொடுக்குமாறே நிபுணர் பணிக்கின்றனர். 60 கிலோகிராம் நிறையினர்க்கு அது 0.06 மில்லிகிராம், காலையில் அவருடைய கொழுப்பினுட் செலுத்திய 4.2 மில்லிகிராமின் எழுபதில் ஒரு பங்கு.